இரண்டு பொட்டலத்திலும் சிவப்பு

சாமி முன்னால் என் அண்ணன் ஏமாற்று வேலை செய்தார். பூக்கட்டிப் பார்த்த அன்று இரண்டு பொட்டலத்திலும் சிவப்புப் பூவையே வைத்துக் கட்டினார். கோபத்தில் சொல்லவில்லை என்று எழுதலாம்தான். கோபத்தில்தான் சொல்கிறேன். ஆனால் உண்மையைச் சொல்கிறேன்.

எங்கள் ஊர் பரளச்சிப் பக்கம். வானம் பார்த்த கரிசல். மழை பெய்தால் மிளகாயும் மல்லியும் போடுவேன். மற்ற மாதங்களில் சீமைக்கருவேலை வெட்டிக் கரி மூட்டம் போடுவேன். விறகைக் குவித்து அடுக்கி, மேலே வைக்கோல் பரப்பி, ஈரமண்ணைப் பூசி, உள்ளுக்குள்ளேயே புகைய விட வேண்டும். எங்காவது மண் பிளந்து காற்றுப் புகுந்தால் கரிக்குப் பதில் சாம்பல்தான் கிடைக்கும்.

எனக்கு நாற்பத்து மூன்று வயது. கல்யாணம் ஆகவில்லை. ஏழு இடத்தில் பெண் பார்த்தார்கள். ஏழும் வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். பெண்கள் மேல் ஒரு குறையும் இல்லை. என் ஆசை ஆண்கள் மேல் என்று பதினாறு வயதிலேயே எனக்குத் தெரியும். நானாக யாரிடமும் சொல்லவில்லை. கேட்டவர்களும் இல்லை.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஐப்பசியில் ஒரு மத்தியானம். கிழக்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மூட்டத்தின் உச்சியில் ஓட்டை விழுந்து தீ தெரிந்தது. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு திரும்பினேன். ஒருவன் மூட்டத்தின் மேல் குனிந்து வெறுங்கையால் ஓட்டையை அடைத்துக்கொண்டிருந்தான். எந்தப் பக்கமாக வந்தான் என்று தெரியவில்லை. மேலில் சட்டை இல்லை. முதுகில் இரண்டு இறக்கை இருந்தது. பருந்தின் நிறம். மடக்கினால் முழங்கால் வரை வரும். இதை அலங்காரமாகச் சொல்ல எனக்குத் தெரியாது. இருந்தது, பார்த்தேன்.

அப்புறம் மழை பிடித்தது. நனைந்த கரிசலில் நடந்தவர்களுக்குத் தெரியும், பத்து அடி வைப்பதற்குள் பாதம் இரண்டிலும் மண் அப்பி, செருப்புக்கு மேல் செருப்புப் போட்ட மாதிரி கனத்துவிடும். காட்டு வீட்டு வாசலில் நான் குச்சியை வைத்துக் காலைச் சுரண்டிக்கொண்டு நின்றேன். என் பின்னாலேயே நடந்து வந்தவனின் கால் கழுவி வைத்த மாதிரி இருந்தது.

அவனை என்னவென்று சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. கரி லோடு ஏற்ற வந்த லாரி டிரைவர்தான் சொன்னார். அவர் வேதக்காரர், கடற்கரைப் பக்கத்து ஆள். சாக்கைத் தூக்கிக்கொண்டு போனவனை அவர் வாய் பிளந்து பார்த்தார்.

“அண்ணே, இது சம்மனசு, தேவதூதரு. எங்க கோயில்ல பீடத்துக்கு மேல நிக்குமே, அதே சம்மனசு. நீங்க என்னன்னா கரி அள்ள விட்டுருக்கீக.”

“நான் எங்க விட்டேன். அவனாத்தான் அள்ளுறான்.”

“பாவம்ணே.”

“கூலி வேணாங்குறான். சோறு மட்டும் ரெண்டு ஆளுச் சோறு திங்கிறான்.”

பேச்சை என்னிடமிருந்துதான் கற்றுக்கொண்டான். அதனால் அவனுக்கு வந்த முதல் வார்த்தை ‘ஏலே’. பெரியவர், சின்னவர் என்ற வித்தியாசம் அவனுக்குப் புரியவே இல்லை. முதல் தடவை என் அண்ணன் காட்டுக்கு வந்தபோது, “ஏலே, வா, ஒக்காரு” என்றான். அண்ணன் கோயில் முதலடி, முதல் மரியாதை அவருக்குத்தான். அவர் வந்தால் ஊரில் எழுந்து நிற்பார்கள். அன்றைக்கே மனதில் வைத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

மூன்று மாதம் அவன் கயிற்றுக் கட்டிலில், நான் கீழே பாயில். கரித்தூள் இறக்கையின் அடியில் போய் அடைந்துகொள்ளும். அவனால் கை எட்டித் தேய்க்க முடியாது. ஒருநாள் பம்புசெட்டில் குளித்துவிட்டு வந்தவனை உட்கார வைத்து, இறக்கை முளைக்கிற இடத்தில் நல்லெண்ணெய் போட்டுத் தேய்த்தேன்.

“ஏலே, அங்க யாரும் தொட்டதில்ல.”

“வலிக்குதா?”

“இல்ல. நிறுத்தாத.”

நான் நிறுத்தவில்லை. அதற்கு மேல் எழுத வேண்டிய அவசியம் இல்லை.

ஏன் என்னிடம் வந்தாய் என்று பிறகு கேட்டேன். “மேல இருந்து பாத்தா எல்லாரோட புகையும் கலஞ்சு போகும். ஒன் புகை மட்டும் நேரா வரும். யாருடா இவன்னு பாக்க வந்தேன்” என்றான். இருபது வருடமாக மூட்டம் போடுகிறேன். என் வேலையைப் பார்த்து ஒருவர் சொன்ன நல்ல வார்த்தை அது ஒன்றுதான்.

ஊர் அவனை விரட்டவில்லை. இதை ஒழுங்காகச் சொல்ல வேண்டும். இறக்கையால் ஒருவருக்கும் சங்கடம் இல்லை. காய்ச்சல் கண்ட பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மழை எப்போது வரும் என்று கேட்டார்கள். “எனக்குத் தெரியாது” என்பான். அதையும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். பாளையம்பட்டியிலிருந்து டவுன் பஸ் ஏறி வந்து செல்போனில் படம் பிடித்தார்கள்.

இந்த ஐப்பசியில், நரிக்குடிப் பக்கம் எட்டாவதாக ஒரு பெண் இருப்பதாக அண்ணன் வந்து சொன்னார். அன்றைக்குத்தான் வாயைத் திறந்தேன்.

“எனக்கு ஆளு இருக்கு. இவன்தான்.”

அண்ணனுக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. புரிந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“ஏலே, ரெக்க இருக்குன்னு சொல்லு, ஏத்துக்கிடுறேன். சாமின்னு சொல்லு, கும்பிடுறேன். ஒரே பாயில படுக்குறோம்னு ஏன்டா சொல்லுற?”

“படுக்குறோம். அதான் சொல்லுறேன்.”

“கோயில்ல ஒரு பீடம் கட்டித் தாரேன். அங்க இருக்கட்டும். நீ தெனம் போய்க் கும்பிட்டுக்க. யாரு கேக்கப்போறா?”

கம்பங்கூழைக் குடித்துக்கொண்டிருந்தவன் தலையைத் தூக்கினான். “பீடத்துல கூழு ஊத்துவாகளா?”

“படையலே வைப்பாக” என்றார் அண்ணன்.

“யாருகூட ஒக்காந்து திங்கிறது?”

அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். மறுவாரம் ஊர்க்கூட்டத்தில், “நாம ஏன் பேசணும், சாமி சொல்லட்டும்” என்றார். நானும் சம்மதித்தேன். எங்கள் குலசாமி நியாயமான சாமி. அந்த நம்பிக்கை எனக்கு இன்றைக்கும் இருக்கிறது.

பூக்கட்டிப் பார்ப்பது எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த வழக்கம். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ. பூவரச இலையில் மடித்து, நூல் சுற்றி, சாமி முன்னால் போட வேண்டும். சின்னப் பிள்ளை ஒன்று வந்து எடுக்கும். எடுத்ததைப் பிரித்துப் பார்ப்பார்கள். எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்காமல் கண்மாயில் விடுவார்கள். வெள்ளை வந்தால் அவன் என்னோடு இருக்கலாம், சிவப்பு வந்தால் பொழுது சாய்வதற்குள் அவன் ஊர் எல்லையைத் தாண்ட வேண்டும் என்று பேச்சு. முதலடி என்ற முறையில் பொட்டலம் கட்டியது அண்ணன்.

காலையில் ஊர் முழுக்கக் கூடியிருந்தது. ஒரு சிறுமி எடுத்துக் கொடுத்தாள். பூசாரி பிரித்தார். செவ்வரளி.

கிடந்த இன்னொரு பொட்டலத்தை நான் எடுத்து மடியில் கட்டிக்கொண்டேன். “தண்ணியில விடணும்பா” என்றார் பூசாரி. “நானே விடுறேன்” என்றேன். அண்ணன் ஒரு அடி முன்னால் வந்தார், பிறகு நின்றுவிட்டார். சந்தேகம் எனக்கு அந்த ஒரு அடியில்தான் வந்தது.

கண்மாய்க்கரையில் வைத்து நூலை அறுத்தேன். உள்ளே செவ்வரளி.

அவன் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். “வெள்ளப் பூவ மறந்துட்டாகளோ?” என்றான். பொய் என்றால் என்னவென்று அவனுக்கு அப்போது விளக்கிச் சொல்ல என்னால் முடியவில்லை. வா என்று கையைப் பிடித்துக்கொண்டு காட்டுக்குள் இறங்கினேன்.

முந்தின நாள்தான் மழை பெய்திருந்தது. பாதி வழியில் அவன் நின்றான். “ஏலே, காலு கனமா இருக்கு.”

திரும்பிப் பார்த்தேன். இரண்டு பாதத்திலும் கரிசல் அப்பியிருந்தது. மூன்று வருடமாக ஒரு பொட்டு மண் ஒட்டாத கால் அது. ஒற்றைக்காலில் நின்றுகொண்டு தள்ளாடினான். கருவேலங்குச்சி ஒன்றை ஒடித்துக் கொடுத்தேன். சுரண்டத் தெரியவில்லை. நானே சுரண்டிவிட்டேன். அவனுக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு வரவில்லை. இனி இவனுக்கு மேலே போக வழி இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவனுக்கும் தெரிந்திருந்தது. “சரி, போ, கூழு காச்சணும்” என்றான்.

நாங்கள் எல்லையைத் தாண்டவில்லை. இப்போது இறக்கை கொஞ்சம் கொஞ்சமாக உதிர்கிறது. காலையில் வாசலோடு சேர்த்துக் கூட்டி அள்ளுகிறேன். அவன் போடுகிற மூட்டத்தில் புகை நேராகப் போகிறது. என்னுடையதைவிட நேராக. ஊரில் எங்களோடு பேச்சை நிறுத்திவிட்டார்கள். கோயில் பொங்கல் எங்கள் வீட்டுக்கு வருவதில்லை. என் மிளகாய்க்குக் களையெடுக்க ஆள் வருவதில்லை. ‘சாமி உத்தரவை மீறியவன்’ என்று அண்ணன் ஊர் வாட்ஸப் குழுவில் போட்டார். கீழே அறுபது பேர் கும்பிடு போட்டிருந்தார்கள்.

அந்த இரண்டாவது பூவைத் தீப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன். காய்ந்துவிட்டது, ஆனால் நிறம் தெரியும்.

அண்ணே, உங்களுக்குத்தான் எழுதுகிறேன். மாசியில் கோயில் பொங்கலுக்கு ஊர் கூடும்போது நாங்கள் இரண்டு பேரும் வருவோம். தீப்பெட்டியையும் கொண்டு வருவேன். அங்கே புதிதாகப் பூ கட்டட்டும், உங்கள் கையால் வேண்டாம். சாமி எங்களைப் போகச் சொன்னால் அவனும் நானும் சேர்ந்தே போகிறோம். நீங்கள் சொல்லிப் போகமாட்டோம். ஆனால் அதற்கு முன்னால், வாட்ஸப்பில் இல்லை, என் வீட்டுக்கு ஆள் அனுப்பியும் இல்லை, கோயில் வாசலில் ஊர் முன்னால் நின்று ஒன்றுக்குப் பதில் சொல்லுங்கள்: இரண்டு பொட்டலத்திலும் சிவப்பை வைத்துக் கட்டியது நீங்களா, இல்லையா?