ஃபோகஸ் மாமாவில் விழுந்தது

படம் என்றால் கூராக இருக்கவேண்டும் என்பது ஜிஹானாவின் பிடிவாதம். யாழ்ப்பாண நகரில் டினேஸின் ஸ்டூடியோவில் கல்யாணப் படங்களைக் கணினியில் திருத்துவது அவளுடைய வேலை. புத்தளத்தில் பிறந்து, பெற்றோர் தங்கள் சொந்த ஊரான யாழ்ப்பாணத்துக்குத் திரும்பியபோது கூடவே வந்தவள். மங்கலான படத்தைக் கண்டால் கை சும்மா இராது.

"விட்டால் இந்தப் பிள்ளை புகையையும் கூராக்கும்," என்று டினேஸ் சிரிப்பான்.

போன வருசம் குருநகர் றொசாந்தியின் கல்யாணத்தை டினேஸ்தான் எடுத்தான். கேக் வெட்டும் படத்தில் சிக்கல். ஃபோகஸ் மணமக்களை விட்டுவிட்டு, பின்னால் நின்ற பெண்ணின் தாய்மாமன் சந்தியோகுவில் விழுந்திருந்தது. கையிலிருந்த பொரித்த றோல்ஸைக் கடிக்க வாயைத் திறந்தபடி, மீசை மயிர் ஒவ்வொன்றும் தெரிய அவர் நின்றார். மணமக்களோ பனிக்குள் நின்றதுபோல இருந்தார்கள். கேக் வெட்டியதற்கு வேறு படமும் இல்லை.

ஜிஹானா கூர்மையைக் கூட்டினாள். போதவில்லை, இன்னும் கூட்டினாள். மாப்பிள்ளையின் தாடி கம்பியாயிற்று. றொசாந்தியின் கன்னத்தில் மணல் தூவியதுபோலப் புள்ளிகள். இருவர் தலையைச் சுற்றியும் ஒளிவட்டம்போல ஒரு வெள்ளைக் கோடு.

மாமாவோடு படம் பார்க்க வந்த றொசாந்தி திடுக்கிட்டாள். "என்ன தங்கச்சி, எங்களை மாதா கோயில் சுருவமாக்கிப் போட்டீங்களோ?"

ஜிஹானாவுக்கு வெட்கமாய்ப் போயிற்று. "ஃபோகஸ் விழாததைக் கூராக்கேலாது அக்கா. எனக்குத் தெரியும், ஆனா மனம் கேக்கேல்லை."

போட்ட கூர்மையை முழுக்க எடுத்தாள். கண்களிலும் கேக்கின் விளிம்பிலும் மட்டும் துளி வைத்தாள், கன்னங்களைத் தொடவில்லை. பிறகு படத்தைத் தபாலட்டை அளவுக்குச் சுருக்கினாள். சின்னதானதும் மங்கல் அவ்வளவாகத் தெரியவில்லை. றொசாந்தியின் முகம் மலர்ந்தது.

கடைசியாக மாமாவை மங்கலாக்கப் போனாள்.

"என்னை ஏன் பிள்ளை அழிக்கிறாய்?" என்றார் சந்தியோகு. "இவ்வளவு காலத்திலை ஒருத்தரும் என்னை இப்பிடி வடிவாய் எடுக்கேல்லை. என்னைத் தனியா வெட்டிப் பெரிசாய் அடிச்சுத் தா."

"றோல்ஸை எடுத்துவிடட்டோ அங்கிள்?"

அவர் யோசித்தார். "வேண்டாம். அது நல்ல றோல்ஸ்."

அடுத்த கிழமை ஓட்டோவுக்குள் முதலில் ஏறியது மாமாவின் பிரேம். அதற்குப் பக்கத்தில் மாமா. மிச்சமிருந்த மூலையில், தன் சின்னப் படத்தைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, றொசாந்தி ஒடுங்கி உட்கார்ந்தாள்.