தெற்குச் சுவரில் வைத்த யூனிட்

1. இடம் குறித்தது

இன்று ஏ.சி. மாட்டும் இளைஞர்கள் அவுட்டோர் யூனிட்டை எங்கே வைக்கலாம் என்று கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கட்டடத்தின் தெற்குச் சுவர்தான் நினைவுக்கு வரும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில், நானே இடம் குறித்து நானே போல்ட் முறுக்கிய முதல் யூனிட் அங்கேதான் இருந்தது.

அப்போது எனக்கு வீடு செங்கல்பட்டில், வேலை மெட்ராஸ் கம்பெனி ஒன்றில். மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலை ஒட்டிய ஒரு சிறிய சுகாதார நிலையத்தில் குளிர் அறை ஒன்று அமைத்தோம். பெரியம்மைக்குப் போடும் அம்மைப்பாலை அதில்தான் வைப்பார்கள். சுற்றியுள்ள குப்பங்களுக்கெல்லாம் அங்கிருந்துதான் போகும். அறை உள்ளே, அதைக் குளிர வைக்கும் கம்ப்ரஸரும் மோட்டாரும் கண்டென்சரும் வெளியே. இன்றைய அவுட்டோர் யூனிட்டின் தாத்தா என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஆள் சேர்ந்தாலும் தூக்க முடியாத கனம்.

மழைக்காலக் காற்று வடகிழக்கிலிருந்து வரும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருந்தேன். ஆகவே தெற்குச் சுவரின் பக்கம் வைத்தேன். கட்டடமே அதற்கு மறைப்பு. மழை படாமல் இருக்க மேலே ஒரு தகரக் கூரையும் போட்டேன். கம்பெனி இன்ஜினியர் வந்து பார்த்துவிட்டு, நல்ல மூளை என்றார். அந்தச் சொல் ஒரு வருஷம் என் தலையில் இருந்தது.

2. வாடை

அடுத்த ஐப்பசியில் பெல்ட் மாற்றப் போனபோது புயலில் மாட்டிக்கொண்டேன். விடியும்போதே வடக்கிலிருந்து காற்று பிடித்துவிட்டது. லைன் கரண்ட் போயிற்று. ஷெட்டில் இருந்த ஆயில் இன்ஜினை ஓட்டி யூனிட்டை நடத்தினேன். பக்கத்துக் குப்பத்து ஜனங்கள், ஊரில் இருந்த ஒரே கான்கிரீட் கட்டடம் என்பதால் அங்கே வந்து ஒதுங்கினார்கள். நிலையத்தின் பொறுப்பில் இருந்தவர் கமலம்மா. அம்மை குத்துவதும் அவர்தான். குழந்தைகளை உள் அறையில் படுக்கவைத்துவிட்டு, குளிர் அறைக் கதவை மட்டும் யாரும் தொடக் கூடாது என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

வந்தவர்களில் எல்லம்மா என்று ஒருவர். முப்பத்தைந்து வயது இருக்கும். மற்றவர்கள் பாத்திரமும் துணியும் எடுத்துவர, அவர் தலைச்சுமையாக ஒரு பெரிய வலையைக் கொண்டுவந்திருந்தார். வீடு சரிந்துவிட்டதாம், வலைதான் மிச்சமாம். கதவுக்குள் என்ன இருக்கிறது என்று கமலம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு வலையின்மேல் உட்கார்ந்தார்.

வடக்குச் சுவரில் மணல் சரளை மாதிரி வந்து அடித்தது. தெற்கே போய்ப் பார்த்தால் என் யூனிட் சொகுசாக ஓடிக்கொண்டிருந்தது. தகரம் அசையக்கூட இல்லை. பெருமையாக இருந்தது.

3. நடுவில் ஒரு வெயில்

உச்சிப்பொழுதுக்குக் கொஞ்சம் முன்னால் காற்று நின்றது. ஓய்ந்தது என்று சொல்லமாட்டேன், நின்றது. வெளியே வந்தேன். தலைக்கு மேலே நீலவானம். வெயில் அடித்தது. ஆனால் சுற்றிலும், எவ்வளவு தூரம் கண் போகுமோ அவ்வளவு தூரம், மேகம் சுவராக நின்றது. பெரிய வட்டக்கிணற்றின் அடியிலிருந்து மேலே பார்ப்பது போல இருந்தது. மணலில் நூற்றுக்கணக்கான கடல் பறவைகள் உட்கார்ந்திருந்தன. பக்கத்தில் போனேன், ஒன்றுகூடப் பறக்கவில்லை. காற்றே இல்லாத கடலில் அலைகள் நாலா பக்கமிருந்தும் வந்து ஒன்றோடொன்று மோதிக் குவிந்தன. என் வாழ்நாளில் அப்படி ஒன்றை அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.  

புயல் போய்விட்டது என்று கமலம்மாவிடம் சொன்னேன். பின்னாலிருந்து எல்லம்மாவின் குரல் வந்தது.

"போவல, மிஸ்திரி. திரும்பிக்கினு கீது. இனிமே தெக்கால இருந்து வரும்."

எப்போது என்று கேட்டேன்.

"நாஸ்தா துண்ற நேரம்கூட இல்ல. மொதல்ல அந்தத் தகரத்தக் கழட்டு. அது பிச்சிக்கினு வந்தா உன் மிஷினத்தான் வெட்டும்."

ஒரு வருஷப் பெருமை அந்த ஒரு பேச்சில் போயிற்று. நான் மறைப்பாக நம்பிய சுவர் இப்போது யூனிட்டின் முதுகுப்பக்கம். முகம் காற்றைப் பார்த்துத் திறந்து கிடந்தது. மோட்டாருக்குள் உப்புத் தண்ணீர் போய்க் கம்பிச்சுருள் எரிந்தால், மெட்ராஸிலிருந்து வேறு வர ஒரு வாரம். அதற்குள் அம்மைப்பால் கெட்டுவிடும்.

யூனிட்டை நிறுத்தி ஃப்யூஸைப் பிடுங்கினேன். தகரத்தைக் கழற்றி உள்ளே போட்டேன். தார்ப்பாயைப் போர்த்தினேன். இதைக் காற்று ஒரே இழுப்பில் கொண்டுபோய்விடும் என்று எனக்கே தெரிந்தது. எல்லம்மா வலையைக் கொண்டுவந்து அதன்மேல் போட்டார்.  அவரிடம் மிச்சம் இருந்தது அது ஒன்றுதான். வேண்டாம்மா, கிழிந்துவிடும் என்றேன்.

"போன வருசம் அம்மையில என் பொண்ணு பூட்டா," என்றார். "கட்டு, மிஸ்திரி."

குப்பத்து ஆட்கள் நாலைந்து பேர் ஓடிவந்தார்கள். வலையை மூன்று சுற்றுச் சுற்றி, கயிற்றை ஃபவுண்டேஷன் போல்ட்டிலும் ஜன்னல் கம்பியிலும் போட்டு இறுக்கினார்கள். கட்டுமரம் கட்டுகிற கைகள் அவை. யாரும் யாருக்கும் உத்தரவு போடவில்லை. கடைசி முடிச்சு விழும்போது, தெற்கே இருந்த மேகச் சுவர் எங்களை நோக்கி நடந்து வருவது தெரிந்தது.

4. பிறகு

சாயங்காலம் வரை தெற்குச் சுவர் அதிர்ந்தது. காலையில் அடித்தது இதற்கு முன்னால் ஒன்றுமில்லை. வெளிச்சம் மங்குவதற்குள் அடங்கியது. போய்ப் பார்த்தோம். ஒரு முழு சவுக்கு மரம் யூனிட்டின்மேல் சாய்ந்து கிடந்தது. வலையில் மணலும் கடற்பாசியும் அப்பியிருந்தன. ஒரு கண்ணியில் நண்டு ஒன்று உயிரோடு மாட்டியிருந்தது. கடல் அதுவரை வந்து போயிருக்கிறது.

வலையை அறுத்துத்தான் எடுக்க முடிந்தது. கண்டென்சரைக் கிணற்றுத் தண்ணீரால் உப்புப் போகக் கழுவினேன். மோட்டார் பக்கத்தில் கரி அடுப்பு வைத்து ஈரத்தை உலர்த்தி, மெக்கர் மீட்டர் போட்டு மின்கசிவு இல்லை என்று பார்த்து, மறுநாள் காலையில் ஓட்டினேன். பெல்ட் ஒரு முறை கீச்சிட்டது, பிறகு சீராகச் சுற்றியது. குளிர் அறையின் தெர்மாமீட்டர் கெடவிடாத அளவுக்குள்ளேயே நின்றிருந்தது. அன்றே கமலம்மா அம்மைப்பாலை ஃபிளாஸ்கில் எடுத்துக்கொண்டு குப்பம் குப்பமாகக் கிளம்பினார்.

எல்லம்மா கண்டென்சர் முன்னால் கையை நீட்டிப் பார்த்தார். குளிர் மிஷின் ஏன் அனல் ஊதுகிறது என்று கேட்டார். உள்ளே இருக்கும் சூட்டை எடுத்து வெளியே கொட்டுகிறது என்றேன். கொஞ்ச நேரம் கையை எடுக்கவில்லை. பிறகு ஜன்னல் கம்பியில் வலையைக் கட்டிக்கொண்டு கண்ணி பின்ன உட்கார்ந்தார்.

அதன்பின் முப்பது வருஷம் எத்தனையோ யூனிட் வைத்தேன். ஓடுகிற யூனிட்டைப் போர்த்தாதீர்கள், அது மூச்சு விட வேண்டும். புயல் வருகிறதென்றால் நிறுத்துங்கள், இறுகக் கட்டுங்கள், தலைக்கு மேல் பறக்கக்கூடியது எதையும் விட்டுவைக்காதீர்கள். அடங்கியபின் நல்ல தண்ணீரில் கழுவி, காயவைத்து, சோதித்துவிட்டு ஓட்டுங்கள். இவையெல்லாம் இப்போது புத்தகத்திலேயே இருக்கின்றன. புத்தகத்தில் இல்லாத ஒன்று: சுவரில் சாக்பீஸால் இடம் குறிக்கும் முன், அந்த ஊரில் கடலுக்குப் போகிற வீட்டுக் கதவைத் தட்டி, காற்று எந்தப் பக்கமிருந்து வரும் என்று கேளுங்கள். பதில் வந்ததும் எழுந்துவிடாதீர்கள். திரும்பும்போது எந்தப் பக்கமிருந்து வரும் என்றும் கேளுங்கள்.