முட்டை ஓட்டில் போட்ட கோலம்

சேலையூரில் எங்கள் வீட்டில் முட்டை சமைப்பதே இல்லை. ஆனால் இன்ஜினியரிங் கடைசி வருஷம் படிக்கும் என் மகள் வித்யா, ஆம்லெட் வண்டிக்காரரிடம் பை நிறைய முட்டை ஓடு வாங்கி வந்தாள். பஜ்ஜிக் கடையில் கறுத்துப்போன எண்ணெயையும் கேட்டு வாங்கினாள். ஓடுகளைக் கல்லூரி உலையில் சுட்டுப் பொடித்து, அதோடு மெத்தனாலும் சேர்த்தால் அந்த எண்ணெய் டீசலாகிவிடுமாம். அதுதான் அவள் பிராஜெக்ட்.

ஒருநாள் காலை வாசல் தெளித்துவிட்டு, அலமாரியில் இருந்த வெள்ளைப் பொடி டப்பாவைக் கோலமாவு என்று எடுத்துப் போய்விட்டேன். இரண்டு இழை இழுப்பதற்குள் ஈர விரல்கள் சுரீரென்று எரிந்தன. தரையில் போட்ட கோட்டிலிருந்து ஆவி வந்தது.

"அம்மா, கண்ணுல கைய வெச்சிடாத! அது சுட்ட முட்டை ஓடு. தண்ணி பட்டா சுண்ணாம்புக் கல்லு மாதிரி கொதிக்கும்!"

ஓடி வந்த வித்யா பொடியைத் துணியால் தட்டிவிட்டு, என் கையைக் குழாயடியில் வெகுநேரம் பிடித்திருந்தாள். விரல் சிவந்ததோடு தப்பித்தேன்.

"உன் பொடி வீணாப் போச்சேடி" என்றேன்.

"இப்படிக் கொதிச்சா நல்லா வெந்திருக்குன்னு அர்த்தம்மா" என்று சிரித்தாள்.

மறுபடி சுட்ட பொடியில் அவள் செய்த டீசலில் கல்லூரி ஜெனரேட்டர் ஓடியதை முன்வரிசையில் நின்று பார்த்தேன்.

இப்போது எங்கள் வீட்டில் பெயர் எழுதாத டப்பா கிடையாது. ஆம்லெட் வண்டிக்கும் நானே போகிறேன்.

"இன்னாக்கா, முட்டை வேணாம், ஓடு மட்டும் போதுமா?" என்பார் வண்டிக்காரர்.

"ஆமா, என் பொண்ணு இத வெச்சுத்தான் டீசல் செய்யறா" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்வேன்.