செம்பூர் முதல் புனே வரை, பெட்ரோல் மூடி திறக்காமல்

டிரைவர் இசக்கிமுத்து பெட்ரோல் திருடுகிறார் என்று சொன்னவன் நான்தான். அவர் திருடவில்லை என்று தெரிந்தே சொன்னேன். போன மாதம் செம்பூரிலிருந்து புனேவுக்குப் போய் வந்ததும் அதனால்தான்.

கார் என் மைத்துனியின் கணவர் ராமநாதனுடையது. பெட்ரோலிலும் பேட்டரியிலும் ஓடும் ஹைபிரிட். சிக்னலில் நின்றால் எஞ்சின் தானே அணைந்துவிடும், ஏசி மட்டும் ஓடும். மாட்டுங்காவிலிருந்து செம்பூரில் அவர் வீட்டுக்குப் பஸ்ஸில் வியர்க்க வியர்க்கப் போய் இறங்கும் என்னிடம் காரின் திரையைக் காட்டி, லிட்டருக்கு இருபத்தாறு கிலோமீட்டர் என்பார். எனக்கு வயிறு எரியும்.

ஒருநாள் அவருடைய பெட்ரோல் ரசீதுகளை வாங்கிக் கணக்குப் போட்டேன். இருபத்திரண்டுதான் வந்தது. அன்று எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. மீதி எங்கே போகிறது என்று ராமநாதன் கேட்டார். திரை கொஞ்சம் தாராளமாகத்தான் காட்டும். எஞ்சின் சோதனைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற எனக்கு அது தெரியாதா? ஆனால் அதைச் சொன்னால் சிரித்துவிட்டுப் போய்விடுவார். அவருக்கு உறைக்க வேண்டும் என்று இருந்தது.

"அதை உங்க டிரைவர்கிட்டதான் கேக்கணும்" என்றேன்.

மறுநாளே, தன் கட்டடத்தின் கேட்டில் மற்ற டிரைவர்கள் பார்க்க, இசக்கியை வேலையை விட்டு நிறுத்தினார். இன்ஜினியரே கணக்குப் போட்டுச் சொன்னார் என்றும் சொல்லியிருக்கிறார். அந்த வட்டாரத்தில் டிரைவர் வேலை கிடைப்பதே கேட்டில் இருப்பவர்களின் வாய்ச்சொல்லால்தான். அதன் பிறகு இசக்கியை எந்த வீட்டிலும் எடுக்கவில்லை. தாராவியில் தண்ணீர் கேன் டெம்போவில் சுமை இறக்கப் போனார். மாட்டுங்கா மார்க்கெட்டில் தோளில் கேனோடு அவரைப் பார்த்த அன்று ராமநாதனுக்குப் போன் செய்து, மைலேஜைச் சோதித்துப் பார்க்கப் புனே போய் வரலாம், நீங்களே ஓட்டுங்கள் என்றேன்.

காலை 6.10. செம்பூர் பங்க்கில் டேங்கை நிரப்பி, திரையில் பழைய கணக்கை அழித்தோம். பன்வேல் வரை கார் வழுக்கிக்கொண்டு போனது. கண்டாலா ஏற்றத்தில் எண் இருபதுக்கு இறங்கியது. பரிகாரம் செய்ய வந்தவன் நான். அப்போதும் அது இன்னும் இறங்கட்டும் என்றுதான் மனம் ஆசைப்பட்டது. லோனாவ்லாவில் டீ இருபது ரூபாய், வடா பாவ் முப்பது. திரும்பும்போது மலை இறக்கத்தில் பேட்டரி நிறைந்தது, எண் ஏறியது, ராமநாதனின் முகமும் மலர்ந்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மாலை 5.40. அதே பங்க். ஓடியது 274 கிலோமீட்டர். திரையில் 25.8. டேங்க் நிரம்பப் பிடித்தது 12.4 லிட்டர், 1,283 ரூபாய். வகுத்தால் இருபத்திரண்டு.

"வண்டியில நாம ரெண்டு பேர்தானே அண்ணா? மூடியைக்கூடத் தெறக்கலையே. யார் எடுத்தா?"

"யாரும் எடுக்கலை. அன்னிக்கும் யாரும் எடுக்கலை."

"தெரிஞ்சுண்டா சொன்னேள்?"

தலையாட்டினேன். அவர் வண்டியை நேரே தாராவிக்கு விட்டார்.

தொண்ணூறு அடி ரோட்டில் டெம்போ பக்கத்திலேயே இசக்கி நின்றிருந்தார். நடந்ததைச் சொல்லி, நாளைக்கே வேலைக்கு வந்துவிடு என்றார் ராமநாதன். இசக்கி என்னைப் பார்த்தார்.

"வேலைய அப்புறம் பாப்போம் சார். என்னயக் கள்ளன்னு சொன்னது கேட்டுல வச்சுல்லா? இதயும் இவரயே அங்கன வந்து சொல்லச் சொல்லுங்க."

ஞாயிற்றுக்கிழமை அந்தக் கேட்டுக்குப் போனேன். ஏழெட்டு டிரைவர்களும் வாட்ச்மேனும் இருந்தார்கள். தமிழில் சொல்லி முடித்தேன்.

"இந்தியில சொல்லுங்க சார். இவங்களுக்குத் தமிழ் தெரியாதுல்லா" என்றார் இசக்கி.

என் ஆபீஸ் இந்தியில் மறுபடி சொன்னேன். அவர் எடுக்கவில்லை, நான் பொய் சொன்னேன் என்று. ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று வாட்ச்மேன் கேட்டார். அந்தக் காரைப் பார்த்துப் பொறாமை என்றேன். ஒரு டிரைவர் சிரித்தார். இசக்கி சிரிக்கவில்லை.

அடுத்த வாரமே அதே கட்டடத்தின் நாலாவது மாடி வீட்டில் அவரை வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். ராமநாதனிடம் அவர் திரும்பவில்லை. ராமநாதன் என்னோடு பேசுவதில்லை. நாலாவது மாடிக்காரருக்கு வந்த அதிர்ஷ்டத்தைப் பாருங்கோ, அத்தனை நெருக்கடியிலும் இசக்கி ஒரே திருப்பில் வண்டியை நிறுத்திவிடுகிறான் என்று என் மனைவியிடம் போனில் சொன்னாராம். எந்தக் குரலில் சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும்.