இரண்டாவது கோப்பை

மார்ச் குளிரில், டென்மார்க்கின் வடக்கே லெஸோ தீவுக்குப் பறவை பார்க்கப் போவது என் வழக்கம். இந்தமுறை அம்மாவையும் கூட்டிப்போனேன். "இந்தக் குளிருக்கை குருவி பாக்கவோ கூட்டிவந்தனி?" என்று கப்பலிலேயே திட்டத் தொடங்கிவிட்டார். கரையில் உட்கார்ந்து தேநீர் குடிக்கும்போது, நீண்டு வளைந்த அலகுள்ள பறவையொன்று கூவியது. அம்மாவின் கை பிளாஸ்க்குக்குப் போனது.

மன்னாரில் மீன்பிடிக்கப் போய்த் திரும்பும்போது அப்பா அதே கூவலை விசிலடிப்பார். சண்டை நடந்த நாட்கள்; நேவிக்குப் பயந்து கடலிலிருந்து குரல் கொடுக்க முடியாத காலம். விடியப்புறம் வள்ளம் கரையை நெருங்கும்போது அந்த விசில் கேட்கும். உடனே அம்மா இஞ்சி தட்டிப்போட்ட பிளேன்டீயை ஊற்றிவைப்பார். மீன்செதில் ஒட்டிய கையால் அப்பா முதல் மிடறை எனக்குத்தான் தருவார்.

ஒருநாள் நன்றாக விடிந்தும் விசில் கேட்கவில்லை.

இங்கே டென்மார்க்கில், நவம்பரில் தேவாலயத்தில் இறந்தவர்களின் பெயர்களை வாசிக்கும் பூசைக்கு அம்மா அப்பாவின் பெயரைக் கொடுத்ததேயில்லை. கேட்டால், "ஆர் சொன்னது அவர் செத்துப்போனாரெண்டு?" என்று சீறுவார்.

இப்போது அம்மா தன் கோப்பையை மணலில் வைத்துவிட்டு, இரண்டாவது கோப்பையை நிறைத்துப் பிடித்தபடி கடலையே பார்த்தார். பறவை மறுபடி கூவி, எழுந்து பறந்தது.

"அது பறவையம்மா."

"ஓம், தெரியுது."

ஆவி அடங்கும்வரை கோப்பையை வைத்திருந்தார். பிறகு தேநீரை மணலில் ஊற்றினார்.

"பிள்ளை, இந்தமுறை பூசையிலை அப்பான்ர பேரையும் வாசிக்கச் சொல்லு."