வீட்டில் யாரும் இல்லை

அந்த வியாழக்கிழமை சாயங்காலம் புனே விஷ்ராந்த்வாடியில் எங்கள் வீட்டு அடுக்களையில் நின்றவர்கள் நான்கு பேர்: நான், ரஞ்சன்காவ் கம்பெனி பஸ்ஸிலிருந்து அப்போதுதான் இறங்கி வந்த என் வீட்டுக்காரர், காலேஜ் முடிந்து வந்த மகள், எதிர்வீட்டு மராத்திக்காரம்மா. அந்த அம்மாவை நாங்கள் காக்கு என்று கூப்பிடுவோம், நம்மூர் சித்தி மாதிரி. நான் ஃப்ரிட்ஜைத் திறந்தேன். மூன்று பெரிய எவர்சில்வர் டப்பாக்களிலும் இட்லி மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு பொங்கி, தட்டு தட்டாக வழிந்து, அடியில் காய்கறிப் பெட்டி வரைக்கும் இறங்கியிருந்தது. புளிப்பு வாடை முகத்தில் அடித்தது.

மறுநாள் காலை கோந்த்வாவில் ஒரு கிரகப்பிரவேசம். கோயம்புத்தூர்க்கார அம்மா ஒருவர் நூறு பேருக்கு இட்லி, சட்னி, சாம்பார் கேட்டு நாலாயிரம் ரூபாய் முன்பணமும் கொடுத்திருந்தார். அதுவரை நான் பார்த்ததெல்லாம் அரைக்கிலோ, ஒரு கிலோ மாவு வியாபாரம்தான். "நல்லா இருந்துச்சுன்னா எங்க காம்ப்ளெக்ஸ்ல இருக்கிற தமிழ்க்காரங்க எல்லாருக்கும் வாராவாரம் உங்ககிட்டயே சொல்லிடறனுங்க" என்றும் சொல்லியிருந்தார். அந்த ஒரு வாக்கை வைத்து நான் மனசுக்குள் ஒரு பெரிய கிரைண்டரே வாங்கி வைத்திருந்தேன்.

என் வீட்டுக்காரரின் பொழுதுபோக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்க்கிறார். வீட்டுக்கு வந்தால் விஞ்ஞானி. ஞாயிற்றுக்கிழமை ஜூனா பஜார் பழைய சாமான் சந்தையில் யாரோ தூக்கிப்போட்ட ரவுட்டர்களைப் பொறுக்கிக்கொண்டு வருவார். மூன்று பேர் இருக்கிற இரண்டு ரூம் வீட்டில் நான்கு ரவுட்டர். பரணில் ஒன்று, செருப்பு ஸ்டாண்டு மேல் ஒன்று, சாமி அலமாரிக்குப் பின்னால் ஒன்று. நான்காவது எதற்கு என்று கேட்டால், மற்ற மூன்றையும் பார்த்துக்கொள்ள என்கிறார். விருந்தாளி வந்தால் காபி வருவதற்குள் ஃபேனை நிறுத்திக் காட்டுவார். கையை நீட்டினால் எட்டுகிற ஸ்விட்ச். அதை விட்டுவிட்டு, பையிலிருந்து போனை எடுத்து, கண்ணாடியைத் தேடி மாட்டி, திரையில் சுற்றுகிற வட்டத்தைப் பார்த்தபடி காத்திருந்து அணைப்பார். இதற்குப் பெயர் வசதியாம். வந்தவர்கள் வியர்வையைத் துடைத்துக்கொண்டே பாராட்டிவிட்டுப் போவார்கள்.

நான் ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். அதனால் எனக்குப் புரியாது என்பது அவர் கட்சி. கேஸை மூடினேனா என்று மூன்று தடவை பார்க்கிறவள், பூட்டிய பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு மாடிப்படியிலிருந்து திரும்பி வந்து மறுபடி இழுக்கிறவள். என் பயங்கள் எல்லாம் அவருக்குச் சிரிப்பு. ஃப்ரிட்ஜின் பிளக்குக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு வெள்ளைக் கட்டையை அவர் சொருகியபோதே சொன்னேன்.

"என்னங்க, ஃப்ரிட்ஜை மட்டும் விட்டுடுங்க. மாவு வைக்கிற எடம்."

"கரண்ட் எவ்வளவு இழுக்குதுன்னு ரீடிங் எடுக்கத்தான். அது பாட்டுக்கு இருக்கும். நீ எதுக்குப் பயப்படல, இதுக்குப் பயப்படாம இருக்க?"

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை என் போனைக் கையில் வாங்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். பழைய போன், பாதுகாப்பு கிடையாது, நம் நெட்வொர்க்குக்கே ஆபத்து என்று அதை விருந்தாளிகளுக்கான தனி வைஃபையில் தள்ளிவிட்டார். எனக்கு என்ன வந்தது, போன் பேசினால் சரி என்று விட்டுவிட்டேன்.

வியாழக்கிழமை காலையில், இரவு முழுக்கப் பொங்கியிருந்த மாவைக் கலக்கி ஃப்ரிட்ஜில் வைத்தேன். அவர் போனார். மகள் போனாள். அவள் போன கொஞ்ச நேரத்தில் ஃபேன் நின்றது. புனேயில் இருக்கிறவர்களுக்குத் தெரியும், வியாழக்கிழமை என்றால் ரிப்பேர் வேலை இருக்கிறது என்று கரண்டை நிறுத்துவார்கள். எல்லாவற்றுக்கும் பதறுகிற நான் அன்றைக்குப் பதறவே இல்லை. வியாழக்கிழமைதானே. எதிர்வீட்டில் டிவி சத்தம் கேட்டது. அவர்களிடம் இன்வெர்ட்டர் உண்டு. செருப்பு ஸ்டாண்டு மேல் ரவுட்டர் கண் சிமிட்டியது. அதற்கு இவர் தனியாகப் பேட்டரி வைத்திருக்கிறார். ஃப்ரிட்ஜுக்கு இல்லை, ரவுட்டருக்கு உண்டு.

கரண்ட் இல்லாதபோது ஃப்ரிட்ஜைத் திறக்கக் கூடாது, உள்ளே இருக்கிற குளிர் போய்விடும். இது படிக்காதவளுக்கும் தெரியும். அதனால் பகல் பூராவும் ஃப்ரிட்ஜ் பக்கமே போகாமல், விசிறியால் வீசிக்கொண்டு, சட்னிக்குத் தேங்காய் உடைத்து, சாம்பாருக்கு வெங்காயம் உரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் அவர்கள் இரண்டு பேரும் மாடி ஏறி வந்த உடனே ஃபேன் தானாகச் சுற்றியது. பின்னாலேயே கொத்தமல்லி கேட்டு வந்த காக்குவிடம், ஒருவழியாகக் கரண்ட் வந்துவிட்டது என்று என் அரைகுறை ஹிந்தியில் சொன்னேன். காக்கு என்னை விநோதமாகப் பார்த்தார்.

"அகோ, ஆஜ் தோ லைட் கயீ ஹீ நஹீ."

இன்றைக்குக் கரண்ட் போகவே இல்லை. அதற்குப் பிறகுதான் ஃப்ரிட்ஜைத் திறந்தேன்.

வேறொரு மனிதராக இருந்தால் துணியை எடுத்துத் துடைத்திருப்பார். இவர் லேப்டாப்பை எடுத்தார். வழிந்த மாவில் கால் படாமல் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து எதையோ மேலும் கீழும் உருட்டினார். கொஞ்ச நேரத்தில் அவர் முகம் மலர்ந்தது.

"இதோ பாரு. எல்லாரோட போனும் வைஃபையை விட்டுப் போனா வீட்ல யாரும் இல்லைன்னு அர்த்தம். உடனே ஃபேன், பிளக் எல்லாத்தையும் ஆஃப் பண்ணணும்னு நான்தான் எழுதி வெச்சிருந்தேன். காலைல இவ வெளிய போனதும் கரெக்டா ஆஃப் பண்ணியிருக்கு."

"நான் வீட்லதானே இருந்தேன்?"

"நீ கெஸ்ட் வைஃபைல இருக்க. அதை இது கணக்குல எடுக்காது. சிஸ்டம் மேல தப்பில்ல."

மகள் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல், "பப்பா, மம்மி நம்ம வீட்ல கெஸ்ட்டா?" என்று கேட்டாள். காக்குவுக்கு அவளே ஹிந்தியில் சொல்ல, காக்கு தலையில் கைவைத்துக்கொண்டு அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டுப் போனார். அவர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டிருக்கவும் கூடும்.

இனி அரிசி ஊறி, அரைத்து, பொங்கி, விடிவதற்குள் நடக்காது. ஒரு ஸ்பூன் நாக்கில் வைத்துப் பார்த்தேன், பல் கூசியது. கோந்த்வாவுக்குப் போன் போட்டேன்.

"ஏனுங், நாளைக்குக் காலைல நூறு பேர் வர்றாங்களே. இப்பச் சொன்னா நான் எங்கீங்க போவேன்?"

"மாவு கெட்டுப்போச்சுங்க. ஃப்ரிட்ஜ் ஆஃப் ஆயிடுச்சு."

"ஃப்ரிட்ஜ் ஓடுதான்னு பாக்கமாட்டீங்களா? நீங்க வீட்லதானுங்களே இருந்தீங்க?"

பார்த்துப் பார்த்துப் பயப்படுகிற என்னைப் பார்த்து அந்தக் கேள்வி. முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன் என்றேன். அந்த அம்மா வேறு எங்கோ சொல்லி உப்புமா வரவழைத்தார். காம்ப்ளெக்ஸ்காரர்களின் வாரக் கணக்கும் அந்த உப்புமாக்காரர்களிடமே போய்விட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

வெள்ளைக் கட்டையை அன்றைக்கே பிடுங்கி அவர் லேப்டாப் மேல் வைத்தேன். முன்பணம் திரும்பிப் போனதோடு, அந்த ஆர்டரில் எனக்கு நிற்க வேண்டிய லாபம் நாலாயிரமும் போனது. அரிசி, உளுந்து, தேங்காய், காய்கறி என்று இன்னும் ஆயிரத்து அறுநூறு. எல்லாவற்றையும் தானே தருவதாக அவர் சொன்னார். சம்பளம் வந்ததும் இரண்டாயிரம் கொடுத்தார். அடுத்த சம்பளத்தில் பணம் வரவில்லை, பார்சல் வந்தது. ஆள் நடமாட்டத்தைக் கண்டுபிடிக்கிற கருவியாம். போன் இல்லாவிட்டாலும் நான் வீட்டில் இருப்பது அதற்குத் தெரியுமாம்.

"உனக்காகத்தான் வாங்கினேன்" என்றார்.

அந்தக் கருவியைக் கணக்கில் கழிக்க முடியாது என்று சொல்லிவிட்டேன். எனக்கு அவர் தர வேண்டியது இன்னும் மூவாயிரத்து அறுநூறு ரூபாய்.