ஒரு நூல் பெரிய மயில்

என் வீட்டுக்காரர் அதிகம் பேசமாட்டார். ஆனால் என் வாயிலிருந்து ஒரு சொல் தப்பாக வந்துவிட்டால் போதும், சோற்றில் வைத்த கையை எடுத்துவிட்டுத் திருத்துவார். கல்யாணமாகி பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு வந்த முதல் வாரமே தொடங்கியது. "பட்டறையில மரம் வெட்டுறீங்களா?" என்று சாதாரணமாகத்தான் கேட்டேன்.

"வெட்டுறது விறகுக்காரன் வேலை. நான் செதுக்குறேன்" என்றார்.

அதோடு விட்டாரா? கல்லைப் பொளிய வேண்டும், மரத்தைச் செதுக்க வேண்டும், கட்டில் காலைக் கடைய வேண்டும், உரல் குழியைக் குடைய வேண்டும். "எல்லாத்துக்கும் ஒரே சொல்லா? நாக்கு என்ன வாடகைக்கா வாங்கியிருக்க?" என்பார். அடுப்பில் புகை, இடுப்பில் பிள்ளை, இவருக்குச் சொல்சுத்தம். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும். இருந்தாலும் அவர் திருத்தும்போது முகத்தில் ஒரு களை வரும். அதைப் பார்க்கப் பிடிக்கும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

செந்தூல் ரயில் பட்டறையில் அவருக்கு அச்சு வேலை. இரும்பில் வார்க்க வேண்டிய சாமானை முதலில் மரத்தில் அதே வடிவில் செய்து கொடுக்க வேண்டும். அந்தக் கையை நம்பித்தான், குவார்ட்டர்ஸ் பக்கத்துச் சின்னக் கோயிலின் தலைவர் தைப்பூசத் தேருக்கு ஒரு மயில் வாகனம் செய்து தரச் சொன்னார். தேரின் நான்கு இரும்புத் தூண்களுக்கு நடுவே சரியாக மூன்றடி இடம் என்று அளந்தும் சொன்னார்.

நான்கு மாதம் எங்கள் பின்வாசலில் மெரந்தி மரத்தூள்தான். சாமி காரியத்துக்கு அவரிடம் வேறு சொற்கள் இருந்தன. "செதுக்கினேன்" என்றுகூடச் சொல்லமாட்டார். "இன்னிக்கு அலகு எடுத்தேன்", "கொண்டை எடுத்தாச்சு" என்பார். மயில் ஏற்கெனவே மரத்துக்குள் இருக்கிறதாம், இவர் வெளியே எடுக்கிறாராம். கேலி செய்வேன். ஆனால் அந்தத் தோகையைப் பார்த்த அன்று என்னையறியாமல் கைகூப்பிவிட்டேன்.

பூசத்துக்கு முதல் நாள் காலையில் கோயில் வாசலில் மயிலுக்குக் கண் திறந்தார். சின்ன உளியால் கண்மணியில் கடைசிக் கீறல், பிறகு எதிரே கண்ணாடி. அதுவரைக்கும் அது மரம். கண் திறந்துவிட்டால் அதன்மேல் உளி படக்கூடாது, அது வழக்கம். வண்ணம் காய்ந்த தேரை அதன் பிறகுதான் கொட்டகையிலிருந்து இழுத்து வந்தார்கள். நான்கு பேர் மயிலைத் தூக்கி வைத்தார்கள். உள்ளே போகவில்லை. திருப்பி வைத்தார்கள். அப்போதும் போகவில்லை. ஒரே ஒரு நூல் இடித்தது. தச்சர் கணக்கில் எட்டு நூல் சேர்ந்தால்தான் ஓர் அங்குலம்.

தலைவர் குனிந்து, "ஓரமா ஒரு இழைப்பு இழைச்சிடுங்கண்ணே, யாரு பாக்கப் போறா?" என்றார்.

"கண்ணு தொறந்தாச்சுங்க" என்றார் இவர். பிறகு சட்டைப் பையிலிருந்து அளவுகோலை எடுத்துப் பார்த்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அது பட்டறைக் கோல். வார்த்த இரும்பு ஆறும்போது சுருங்கும். அதனால் அச்சு செய்கிறவர்களின் கோலில் அடிக்கு ஒரு நூல் கூடுதலாகவே இருக்கும். மூன்றடிக்கு மூன்று நூல். இவர் தாராளமாக இடைவெளி விட்டிருந்ததோ இரண்டு நூல்தான்.

"தப்பு என்னுதுதான். கோலை மாத்தி எடுத்துட்டேன்" என்று அத்தனை பேர் முன்னாலும் சொன்னார்.

"ரயில்காரர் மயில்லா, ஆறினா சுருங்கும்னு நெனைச்சிட்டாரு" என்று எவனோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதுதான் இன்றுவரை என்னை அறுக்கிறது.

மறுநாள் மயிலை மூங்கிலில் கட்டித் தோளில் சுமந்தார்கள். தேரைவிட இதுதான் அழகு என்று ஊரே சொன்னது. இவர் காதில் எதுவும் ஏறவில்லை. உளிகளைச் சாக்கில் சுற்றிக் கட்டிலுக்கடியில் தள்ளினார். வேலைக்குப் போனார், வந்தார், சாப்பிட்டார். என்னைத் திருத்துவதை மட்டும் நிறுத்திவிட்டார்.

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. வேண்டுமென்றே தப்பாகப் பேசிப் பார்த்தேன். "பட்டறையில இன்னிக்கு எத்தனை மரம் வெட்டினீங்க?" என்றேன். "ரெண்டு" என்றார். கோயில் கல்தூணைப் பார்த்து, "எப்படிக் கடைஞ்சிருக்கான் பாருங்க" என்றேன். தலையை மட்டும் ஆட்டினார். பக்கத்தில் படுத்திருக்கிற மனிதர் எங்கோ போய்விட்ட மாதிரி இருந்தது. வாய் திறந்து திட்டினால்கூடப் போதும் என்று அந்த மயில்காரனையே வேண்டிக்கொண்டேன். ஆடி மாதமும் வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலியோரம் நின்று பக்கத்து வீட்டு அக்காவிடம் பேசிக்கொண்டிருந்தேன். அம்மி வழவழவென்று ஆகி, மிளகாய் அரைபடாமல் வழுக்கிக்கொண்டே போனது. நிஜமாகவே அந்தக் கடுப்பில்தான் சொன்னேன்: "அம்மி செதுக்குற ஆளு இந்தப் பக்கம் வந்தா சொல்லுங்கக்கா."

"அம்மியைக் கொத்துவாங்க. எவன் செதுக்குறான்?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

அக்கா ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். நான் உள்ளே ஓடினேன். அவர் பாயில் உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். "என்ன சொன்னீங்க?" என்றேன்.

"கொத்துறதுன்னு சொன்னேன். காது கேக்கலையா?" என்றார், பழைய எரிச்சலோடு.

"கேக்கல. இன்னொரு தடவை சொல்லுங்க" என்றேன். சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது.